96 விழுக்காட்டை நம்புவதற்கு முன்: பிரிவினை வாக்கெடுப்பையும் அதைத் தொடரும் தடைகளையும் ஆராயும் முறை

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைவதை 170 பேர் ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர், கணக்கிட்டால் 95.5 விழுக்காடு. 2014 மார்ச் 16 அன்று உக்ரைனின் கிரிமியத் தீபகற்பத்திலுள்ள கருங்கடல் துறைமுக நகரமான செவஸ்டோபோலில் நடந்த வாக்கெடுப்பில், ரஷ்யாவுடன் சேர 95.6 விழுக்காட்டினர் வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரெஞ்சிந்தியப் பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். செவஸ்டோபோலிலோ வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. அப்படியிருந்தும் கீழூர் முடிவை இன்று எந்த நாடும் கேள்விக்குள்ளாக்குவதில்லை; செவஸ்டோபோல் முடிவையோ உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் இன்றளவும் ஏற்கவில்லை.

ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இவ்விரு எண்களையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வேறுபாட்டுக்கான காரணம் விளங்காது. ஒரு நிலப்பகுதி பிரிந்தது, இன்னொரு நாட்டுடன் இணைந்தது, அதற்காகத் தடைகள் விதிக்கப்பட்டன என்று செய்தி வரும்போது விழுக்காடுதான் தலைப்பில் ஏறுகிறது. வாதாடுபவர்களும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றவற்றை முதலில் பார்க்கும் ஒரு வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் வெளிநாட்டுச் செய்தி எழுதுபவர்களுக்கும் இது பயன்படும். 2014இல் ரஷ்யா தன்னுடன் இணைத்துக்கொண்ட, ஆவணங்கள் ஏராளமாகக் கிடைக்கும் கிரிமியாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேவையான இடங்களில் மற்ற நாடுகளையும் அழைத்துக்கொள்கிறேன்.

நிலம் கைமாறிய வரிசை

நிலம் வாங்குபவர் கிரயத்துக்கு முன் வில்லங்கம் பார்ப்பதைப்போல, தகராறுக்குரிய பகுதி யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆவணத்தின்படி சென்றது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஆவணம், கையொப்பமிட்டவர் என மூன்று விவரங்கள் இருந்தால் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆண்ட மன்னர் யார் என்பதை இந்தத் தாளில் சேர்க்க வேண்டியதில்லை. அத்தகைய வாதம் எல்லாத் தரப்பிடமும் இருக்கும். அதைக் கொண்டு எந்த எல்லையும் தீர்ந்ததில்லை.

கிரிமியாவுக்கு இந்தத் தாள் இப்படி அமையும். 1954 பிப்ரவரி 19 அன்று சோவியத் உச்ச சோவியத்தின் தலைமைக்குழு பிறப்பித்த ஆணையால் கிரிமியா, ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரைன் குடியரசுக்கு மாற்றப்பட்டது. 1991 டிசம்பர் 1 அன்று உக்ரைனின் விடுதலை குறித்து நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரவளித்தனர். கிரிமியாவில் ஆதரவு 54 விழுக்காடு மட்டுமே, ஆயினும் அதுவும் பெரும்பான்மைதான். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும், உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களைக் கைவிடுவதை ஒட்டி, அதன் அப்போதைய எல்லைகளை மதிப்பதாகக் கையொப்பமிட்டன. 1997இல் ரஷ்யாவும் உக்ரைனும் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தம் எல்லைகளை மீண்டும் உறுதிப்படுத்தியது. ரஷ்யாவின் கருங்கடற்படை செவஸ்டோபோலில் தங்குவதற்கான குத்தகை ஏற்பாடும் அதே ஆண்டில் செய்யப்பட்டது. குத்தகை எடுப்பவர் உரிமையாளர் வேறொருவர் என்று ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறார் என்பதால், இந்த ஏற்பாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1954ஆம் ஆண்டு ஆணையில் மக்களின் கருத்து கேட்கப்படவில்லை என்று ரஷ்யத் தரப்பு சொல்வது உண்மை. ஆனால் 1994இலும் 1997இலும் மாஸ்கோ சுதந்திரமாக இட்ட கையொப்பங்கள் அந்தக் குறையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் இது புலப்படும். 1954ஐ மட்டும் தனியே எடுத்துப் பேசுபவர் மற்ற இரண்டையும் ஏன் விட்டார் என்று கேட்கவும் தோன்றும்.

மக்கள்தொகைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 1944 மே மாதத்தில், கிரிமியாவின் பூர்வகுடிகளான கிரிமியத் தாத்தார்கள் முழு இனமாக மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். சோவியத் ஒன்றியத்தின் கடைசிக் காலத்தில்தான் அவர்கள் பெருமளவில் திரும்பிவர முடிந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிரிமியாவில் ரஷ்யர்கள் 58 விழுக்காடு, உக்ரைனியர்கள் 24 விழுக்காடு, தாத்தார்கள் 12 விழுக்காடு. "பெரும்பான்மை" என்று யாரேனும் சொல்லும்போது அந்தப் பெரும்பான்மை எப்படி உருவானது என்பதையும் இந்த வரி நினைவூட்டும்.

சம்மதம் யாருடையது

வாக்கெடுப்புக்கு முன்பே தாய்நாட்டு அரசு அதற்குச் சம்மதித்திருந்ததா என்பது இந்த முறையின் மையமான கேள்வி. வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பாருங்கள். கீழூரில் நடந்தது தேர்தல் நடைமுறையாகப் பார்த்தால் மிக எளிமையானது. ஆனால் அதன் பின்னால் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு இருந்தது. அதனால் நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962இல் பிரான்ஸ் அதை உறுதிசெய்தது. ஸ்காட்லாந்தின் 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு 2012 அக்டோபரில் லண்டனும் எடின்பரோவும் செய்த உடன்பாடு அடிப்படை. தெற்கு சூடானின் 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு 2005ஆம் ஆண்டின் அமைதி ஒப்பந்தம் அடிப்படை, 98.8 விழுக்காடு பிரிவினைக்கு விழுந்தபோது கார்ட்டூமிலுள்ள சூடான் அரசே முதலில் அங்கீகரித்ததற்குக் காரணம் அதுதான். பூகன்வில் தீவின் 2019ஆம் ஆண்டு வாக்கெடுப்போ 2001ஆம் ஆண்டு அமைதி உடன்பாட்டின்படி நடந்தாலும், முடிவு பப்புவா நியூகினி நாடாளுமன்றத்துக்குச் செல்ல வேண்டும் என்று அந்த உடன்பாடே சொல்கிறது. எனவே 98 விழுக்காடு ஆதரவு பெற்றும் விடுதலை தானாக வந்துவிடவில்லை. உடன்பாடு இருந்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதன் வாசகத்தையும் படிக்க வேண்டும்.

உக்ரைன் அரசமைப்பின் 73ஆம் பிரிவு, நாட்டின் நிலப்பரப்பை மாற்றுவதை நாடு தழுவிய வாக்கெடுப்பால் மட்டுமே முடிவுசெய்ய முடியும் என்கிறது. கிரிமியாவில் நடந்தது அப்படிப்பட்டதன்று. ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமும் 2014 மார்ச்சில் அது உக்ரைன் அரசமைப்புக்கு முரணானது என்றே கருத்துரைத்தது.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். தாய்நாடு ஒருபோதும் சம்மதிக்காது என்றால், ஒடுக்கப்படும் மக்களுக்கு வேறு வழி என்ன? பல நாடுகளின் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. இலங்கையில் 1983இல் வந்த ஆறாவது அரசமைப்புத் திருத்தம் தனிநாட்டை ஆதரித்துப் பேசுவதையே குற்றமாக்கியது. சர்வதேசச் சட்டம் இதற்குத் தரும் விடை அரைகுறையானது. குடியேற்ற (காலனி) நாடுகளுக்கு விடுதலை உரிமை உண்டு என்பதை ஐநா பொதுச்சபையின் 1960ஆம் ஆண்டுத் தீர்மானம் 1514 தெளிவாகச் சொன்னது. குடியேற்றம் அல்லாத நாடுகளைப் பொறுத்தவரை, அதே சபையின் 1970ஆம் ஆண்டுப் பிரகடனம் பிரதேச ஒருமைப்பாட்டைப் பாதுகாக்கிறது. ஆனால் இனம், மதம், நிற வேறுபாடின்றி எல்லா மக்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் அரசைக் கொண்ட நாட்டுக்கே அந்தப் பாதுகாப்பு என்பதுபோன்ற வாசகத்தையும் சேர்த்துவிட்டது. கடும் ஒடுக்குமுறைக்கு மருந்தாகப் பிரிவினை அனுமதிக்கப்படுகிறதா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுவது இந்த வாசகத்தை வைத்துத்தான். செர்பியாவிலிருந்து பிரிந்து 2008இல் விடுதலை அறிவித்த கொசோவோ பற்றி 2010 ஜூலை 22 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தும் அந்த வாதத்தைத் தீர்க்கவில்லை. விடுதலைப் பிரகடனம் செய்தது சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று பத்துக்கு நான்கு என்ற கணக்கில் கூறிய நீதிமன்றம், பிரிந்துபோகும் உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்குள் நுழையவே இல்லை. கொசோவோவின் விடுதலையை 2008இல் எதிர்த்த ரஷ்யா, 2014இல் கிரிமியாவுக்காக அதையே முன்னுதாரணமாகக் காட்டியது. யாரேனும் கொசோவோவை மேற்கோள் காட்டினால், நீதிமன்றம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

நாட்காட்டியும் துப்பாக்கியும்

அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே எத்தனை நாள்கள் இருந்தன, அந்த நாள்களில் தெருவில் ஆயுதத்துடன் நின்றவர்கள் யார் என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். 2014 பிப்ரவரி 27 அன்று அடையாளச் சின்னமில்லாத சீருடையில் வந்த ஆயுததாரிகள் கிரிமியத் தலைநகர் சிம்ஃபெரோபோலில் கிரிமிய நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்தனர். அவர்கள் உள்ளே இருக்கையிலேயே, 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு மூன்று இடங்கள் மட்டுமே பெற்ற கட்சியின் தலைவர் செர்கேய் அக்சியோனொவ் பிரதமரானார். வாக்கெடுப்பு முதலில் மே 25 என்றார்கள், பிறகு மார்ச் 30 என்றார்கள், இறுதியில் மார்ச் 16 என்று முன்னே இழுத்தார்கள். மார்ச் 18 அன்று மாஸ்கோவில் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடாளுமன்றக் கட்டடம் பிடிக்கப்பட்டதிலிருந்து இணைப்புவரை மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்காட்லாந்தில் உடன்பாட்டுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன என்பதை இதன் பக்கத்தில் எழுதிவைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. அந்த ஆயுததாரிகள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்று முதலில் சொன்ன விளாதிமிர் புடின், அடுத்த மாதமே அவர்களுக்குப் பின்னால் ரஷ்யப் படையினர் நின்றதை ஒப்புக்கொண்டார்.

இந்த அளவுகோலை நமக்குப் பிடித்த தரப்பின் மீதும் வைக்க வேண்டும். இன்றைய குஜராத்திலுள்ள ஜூனாகத் சமஸ்தானத்தை அதன் நவாப் பாகிஸ்தானுடன் சேர்த்த பிறகு, 1947 நவம்பரில் இந்தியா அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் வாக்களிக்க, பாகிஸ்தானுக்குக் கிடைத்தவை 91 வாக்குகள். மக்களில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியாவையே விரும்பினர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒரு தரப்பின் நிர்வாகத்தின்கீழ் நடந்த வாக்கெடுப்பு என்பதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால், கிரிமியாவைப் பற்றி நாம் எழுதும் குறிப்புக்கும் மதிப்பு இருக்காது.

உடன்பாடு இருந்தாலும் பாதுகாப்புப் பொறுப்பு யாரிடம் என்ற கேள்வி உயிர்களைத் தீர்மானிக்கும். 1999 மே 5 அன்று இந்தோனேசியா, போர்ச்சுகல், ஐநா ஆகியவை செய்த உடன்பாட்டின்படி, முன்பு போர்ச்சுகலின் குடியேற்றமாக இருந்து அப்போது இந்தோனேசியாவின் பிடியிலிருந்த கிழக்குத் திமோரில் ஐநாவே வாக்கெடுப்பை நடத்தியது. பாதுகாப்பு மட்டும் இந்தோனேசியக் காவல்துறையிடம் விடப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று பதிவுசெய்தவர்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வந்து வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சியை நிராகரித்து விடுதலையைத் தேர்ந்தனர். அதன்பின் ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராக எரித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 15 அன்று பாதுகாப்புச் சபை ஒப்புதல் தந்த பிறகே ஆஸ்திரேலியா தலைமையிலான படை சென்றது.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி

கேள்வியின் முழு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். செய்திச் சுருக்கத்தை நம்ப வேண்டாம். கிரிமிய வாக்குச்சீட்டில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ரஷ்யக் கூட்டமைப்பின் ஓர் உறுப்பாக அதனுடன் மீண்டும் இணைவதை ஆதரிக்கிறீர்களா என்பது ஒன்று. 1992ஆம் ஆண்டின் கிரிமிய அரசமைப்பை மீட்டு, உக்ரைனின் பகுதியாக இருக்கும் நிலையை ஆதரிக்கிறீர்களா என்பது மற்றொன்று. இப்போதிருக்கும் நிலையே தொடரட்டும் என்று நினைத்தவருக்குக் கட்டமே இல்லை. "இல்லை" என்று சொல்லும் வழியும் இல்லை. வாக்களிக்காமல் வீட்டிலிருப்பதுதான் எதிர்ப்பைக் காட்டும் ஒரே வழி. தாத்தார்களின் மன்றமான மெஜ்லிஸ் புறக்கணிப்பை அறிவித்ததும் அதனால்தான்.

ஸ்காட்லாந்தில் நேர்மாறாக நடந்தது. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று அங்குள்ள அரசு கேட்க நினைத்தது. அது வாக்காளரை "ஆம்" பக்கம் லேசாகத் தள்ளுகிறது என்று தேர்தல் ஆணையம் கருதியதால், ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று நேராகக் கேட்கும்படி வாசகம் திருத்தப்பட்டது. கனடாவின் மாகாணமான கியூபெக்கின் 1995ஆம் ஆண்டுக் கேள்வியோ கனடாவுடன் புதிய கூட்டுறவு, முந்தைய ஒப்பந்தம், மசோதா என்று நீண்டுகொண்டே போனது. பிரிவினை தோற்றது வெறும் ஒரு விழுக்காட்டு இடைவெளியில். கேள்வியும் பெரும்பான்மையும் தெளிவாக இருந்தால் மட்டுமே பேச்சுவார்த்தைக் கடமை எழும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியதும், 2000இல் அதற்கெனச் சட்டமே வந்ததும் அதன் தொடர்ச்சி.

வாக்காளர் பட்டியலும் எல்லைக்கோடும்

யார் வாக்களிக்கலாம், எந்த எல்லைக்குள் எண்ணப்படும் என்ற இரண்டையும் தீர்மானிப்பவரே பல நேரங்களில் முடிவையும் தீர்மானித்துவிடுகிறார். அதனால் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள்.

முன்பு ஸ்பெயினின் குடியேற்றமாக இருந்து, இன்று மொரோக்கோ உரிமை கோரும் மேற்கு சஹாராவில் வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே 1991இல் ஐநா பணிக்குழு அனுப்பப்பட்டது. அதன் பெயரிலேயே வாக்கெடுப்பு இருக்கிறது. 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் இருந்த ஏறத்தாழ 74,000 பேரை அடிப்படையாகக் கொள்வதே தொடக்கத் திட்டம். கணக்கெடுப்பில் விடுபட்ட பழங்குடிகள் என்று பல்லாயிரம் பேரை மொரோக்கோ கொண்டுவந்தது. அப்பகுதியின் விடுதலைக்காகப் போராடும் பொலிசாரியோ முன்னணி எதிர்த்தது. அடையாளம் காணும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டு, இறுதியில் சுமார் 86,000 பேர் தகுதியுடையவர்கள் என்ற தற்காலிகப் பட்டியல் வந்தபோது, அதற்கு எதிராக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்தன. வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. சூடான்களுக்கு இடையிலுள்ள அப்யெயியிலும் இதே கதைதான்: ஆண்டில் சில மாதங்கள் மாடுகளுடன் வந்து மேய்க்கும் மிசிரியா மக்கள் வாக்காளர்களா, அல்லது அங்கேயே குடியிருக்கும் ங்கோக் டிங்கா மக்கள் மட்டுமா என்பதில் உடன்பாடு ஏற்படாததால், 2011இல் தெற்கு சூடானுடன் சேர்ந்து நடக்கவேண்டிய வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

எல்லைக்கோட்டின் வேலையைப் பார்க்க 1920ஆம் ஆண்டின் ஷ்லெஸ்விக் வாக்கெடுப்பைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள அப்பகுதி, முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்தின்படி வடக்கு, நடு என இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஜெர்மன் படை வெளியேற, சர்வதேச ஆணையம் நிர்வாகத்தை ஏற்றது. வடக்கு மண்டலம் பிப்ரவரியில் முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்பட்டது. நான்கில் மூன்று பங்கு டென்மார்க்குக்குச் சென்றது. அந்த மண்டலத்துக்குள்ளேயே டோன்டர், ஓபென்ரோ, சோன்டர்போர்க் நகரங்களில் பெரும்பான்மையோர் ஜெர்மனிக்கே வாக்களித்திருந்தனர். ஒரே தொகுதி என்பதால் அந்த நகரங்களும் டென்மார்க்குக்குப் போயின. நடு மண்டலம் மார்ச்சில் வாக்களித்தது, அங்கே ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஜெர்மனியைத் தேர்ந்தனர். மண்டலக் கோட்டைச் சற்றுத் தள்ளி வரைந்திருந்தாலோ, நகரம் நகரமாக எண்ணியிருந்தாலோ வரைபடம் வேறாக இருந்திருக்கும். இத்தனை குறைகளோடும் அந்த எல்லை நூறாண்டுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. 1955இல் இரு நாடுகளும் தத்தம் பக்கத்துச் சிறுபான்மையினரின் உரிமைகளை அறிவித்தது அதற்குப் பெரிதும் உதவியது என்பது என் கருத்து.

இனிதான் எண்ணிக்கை

இப்போது விழுக்காட்டைப் பார்க்கலாம். இதற்கு அதிக நேரம் தேவைப்படாது. வாக்குப்பதிவு விழுக்காட்டால் ஆதரவு விழுக்காட்டைப் பெருக்கி, மொத்த வாக்காளர்களில் எத்தனை பேர் உண்மையில் "ஆம்" என்றார்கள் என்று காணுங்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் விடுதலை குறித்து 2017 அக்டோபர் 1 அன்று 90 விழுக்காடு ஆதரவு கிடைத்தது, ஆனால் வாக்களித்தவர்கள் 43 விழுக்காடு. எனவே மொத்தத்தில் 39 விழுக்காடு. பிரான்சின் ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாவில் 2020இல் 53 விழுக்காடாக இருந்த விடுதலை எதிர்ப்பு, 2021இல் 96 விழுக்காடாக உயர்ந்ததற்குக் காரணம் மனமாற்றமன்று. விடுதலை கோரும் பூர்வகுடி கனாக் மக்களின் கட்சிகள் புறக்கணித்ததால் வாக்குப்பதிவு பாதியாகச் சரிந்ததுதான். முன்கூட்டியே வரம்பு வைக்கப்பட்டதா என்றும் பாருங்கள். செர்பியாவிடமிருந்து பிரிய விரும்பிய மான்டெநெக்ரோவுக்கு 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் 55 விழுக்காடு என்று வரம்பு வைத்தது, கிடைத்தது 55.5. அந்த அரை விழுக்காட்டை செர்பியா சில வாரங்களில் ஏற்றுக்கொண்டது.

யார் ஏற்றார்கள், யார் விலகி நின்றார்கள்

ஐநாவில் இரண்டு மேடைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புச் சபையில் 2014 மார்ச் 15 அன்று கிரிமிய வாக்கெடுப்பு செல்லாது என்ற வரைவுக்கு 13 நாடுகள் ஆதரவளித்தன, சீனா விலகி நின்றது, ரஷ்யாவின் வீட்டோவால் அது வீழ்ந்தது. பொதுச்சபையில் மார்ச் 27 அன்று அதே கருத்துடைய தீர்மானம் நிறைவேறியது: ஆதரவு 100, எதிர்ப்பு 11, விலகல் 58. பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும் நாடுகளின் நிலைப்பாட்டுக்கு அது பதிவேடு. இந்தியாவும் இலங்கையும் விலகி நின்ற பட்டியலில் இருக்கின்றன. விலகலை ஆதரவாகவோ அங்கீகாரமாகவோ எழுதிவிடுவது நம் ஊடகங்களில் அடிக்கடி காணும் பிழை. விலகிய 58 நாடுகளில் கிரிமியாவை ரஷ்யாவின் பகுதியாக முறைப்படி அங்கீகரித்தவை மிகச் சில.

2022 செப்டம்பரில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கெர்சோன், ஸபோரிஷியா ஆகிய நான்கு உக்ரைன் பகுதிகளில் போருக்கு நடுவே ரஷ்யத் தரப்பு நடத்திய வாக்கெடுப்புகளில் ஆதரவு 87 முதல் 99 விழுக்காடுவரை என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 30 அன்று நான்கையும் இணைத்ததாக ரஷ்யா அறிவித்தபோது அவற்றில் பல ஊர்கள் அதன் கட்டுப்பாட்டிலேயே இல்லை. நவம்பர் 11 அன்று கெர்சோன் நகரத்தை உக்ரைன் மீட்டுவிட்டது. பொதுச்சபையில் இம்முறை கண்டனத்துக்கு ஆதரவு 143, எதிர்ப்பு 5, விலகல் 35.

அங்கீகரிக்காமை என்பது அங்கு வாழும் மனிதர்களை இல்லாதவர்களாகக் கருதுவதன்று. நமீபியாவில் தென்னாப்பிரிக்காவின் ஆட்சி சட்டவிரோதமானது என்று 1971இல் கூறிய சர்வதேச நீதிமன்றம், பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைச் செல்லாதவையாக்கினால் பாதிக்கப்படுவது மக்களே என்பதால் அவற்றுக்கு விலக்கு அளித்தது. தகராறுக்குரிய பகுதிகளைப் பற்றி எழுதுபவர் இதை மறக்கக் கூடாது.

தடை ஆணையைப் படிப்பது

"ரஷ்யா மீது தடை" என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. பாதுகாப்புச் சபை ஐநா சாசனத்தின் 41ஆம் பிரிவின்படி விதிக்கும் தடை எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். வெள்ளையரின் சிறுபான்மை ஆட்சி 1965இல் தன்னிச்சையாக விடுதலை அறிவித்த ரொடீஷியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) அத்தகைய தடை விதிக்கப்பட்டு 1979 இறுதியில் நீக்கப்பட்டது. வீட்டோ உள்ள நாட்டுக்கு எதிராக அது நடக்காது. எனவே கிரிமியா தொடர்பான தடைகள் அனைத்தும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா, ஜப்பான் போன்றவை தனித்தனியே விதித்தவை; சட்டப்படி அவை தத்தம் நாட்டினரையும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் டாலரில் பணம் செலுத்துவது, கப்பல் காப்பீடு பெறுவது என்று வரும்போது அந்த எல்லையைத் தாண்டியும் அவை பாய்கின்றன.

ஒவ்வொரு ஆணையிலும் அது யாரை அல்லது எதைக் குறிவைக்கிறது என்று பிரித்துப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் மூன்று அடுக்குகளை வைத்தது. மார்ச் 17 அன்று வந்த 269/2014 ஒழுங்குவிதி தனிநபர்களின் சொத்தை முடக்கிப் பயணத்தைத் தடுத்தது. தொடக்கப் பட்டியலில் 21 பேர். ஜூனில் வந்த 692/2014 கிரிமியாவிலிருந்து பொருள் இறக்குமதியைத் தடுத்தது; உக்ரைன் அதிகாரிகள் தரும் மூலச் சான்றிதழ் இருந்தால் மட்டும் விலக்கு. யாருடைய முத்திரை செல்லும் என்பதன் வழியே அந்த நிலம் யாருடையது என்று சொல்லும் இந்த ஏற்பாடு எனக்கு நுட்பமானதாகத் தோன்றுகிறது. கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த பிறகு, ஜூலை 31 அன்று வந்த 833/2014 வங்கி, எண்ணெய்த் தொழில்நுட்பம், ஆயுதம் ஆகிய துறைகளைத் தொட்டது. அமெரிக்கா டிசம்பரில் கிரிமியாவுடனான வணிகத்தையே ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்தது. உணவுக்கும் மருந்துக்கும் உறவினர்களுக்குப் பணம் அனுப்பவும் பொது அனுமதி உண்டு. சில நாள்களில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தின.

பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒரு நிறுவனம் தப்பிவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள். பட்டியலிலுள்ளவர்களின் பங்கு மொத்தம் 50 விழுக்காட்டை எட்டினால் அந்த நிறுவனமும் முடக்கப்பட்டதாகவே அமெரிக்க நிதித்துறை கொள்கிறது. பங்கு அதற்குக் கீழே இருந்தாலும் பெயர் சொல்லிச் சேர்க்கத் தடையில்லை. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்கு இருப்பது 49 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். ஆயினும் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஏய்ப்பு எப்படி நடக்கிறது என்பதையும் ஆணையோடு சேர்த்துப் பாருங்கள். கிரிமியாவையும் ரஷ்யாவையும் பிரிக்கும் கெர்ச் நீரிணைக்கு அக்கரையில், ரஷ்ய மண்ணிலுள்ள தாமானில் அமையும் மின்நிலையத்துக்கென்று ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் விற்ற நான்கு எரிவாயுச் சுழலிகள் 2017இல் கிரிமியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. விற்பனை தடையை மீறவில்லை, சென்று சேர்ந்த இடம்தான் மீறியது. அதையடுத்துப் புதிய பெயர்கள் தடைப் பட்டியலில் ஏறின. தடைகள் கிரிமியாவைத் திருப்பித் தரவில்லை என்பது வெளிப்படை. பெரிய வெளிநாட்டு வங்கியோ முதலீடோ சொகுசுக் கப்பலோ அங்கே செல்லாமல் தடுத்தது என்பதுவரையே அவற்றின் பலனாக எழுத முடியும்; 2022இல் முடக்கப்பட்ட ஏறத்தாழ 30,000 கோடி டாலர் ரஷ்ய மத்திய வங்கிக் கையிருப்பைப் பேசும்போது அது வேறு போருக்கான வேறு தடை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஆணையின் காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் பட்டியல் மார்ச் 15, செப்டம்பர் 15 ஆகிய தேதிகளை ஒட்டியும், துறைசார் தடைகள் ஜனவரி 31, ஜூலை 31 ஆகியவற்றை ஒட்டியும், கிரிமியாவுக்கான தடைகள் ஆண்டுதோறும் ஜூன் 23ஐ ஒட்டியும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளன. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரே ஒரு நாடு பேரம் பேச முடியும். 2025 ஜனவரியில் ஹங்கேரி கடைசி வாரம்வரை பிடிகொடுக்காமல் இருந்து, காலக்கெடுவுக்கு நான்கு நாள் முன்புதான் இணங்கியது. "தடை நீங்கப்போகிறது" என்ற செய்தி எப்போது வந்தாலும், அது இந்தத் தேதிகளுக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.